ஓட்டுநர் இல்லாத ரயில் வருது... அப்போ 'ஆபரேட்டர்' என்ன செய்வார்?

இயந்திரம் தானாகவே ஓடும் காலத்தில் மனிதரின் வேலை சுலபமாகிறதா, கஷ்டமாகிறதா? மெட்ரோ, விமானம், ரயில் சிக்னல், ஒரகடம் தொழிற்சாலை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விளக்கம்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய சிவன் கோயில் உள்ள ஊர். இங்கேயும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் ஒரு வீட்டில், "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால், "கம்பெனியில ஆபரேட்டரா இருக்கான்" என்ற பதில் சர்வசாதாரணம். ஐடிஐ அல்லது டிப்ளமோ முடித்து, கம்பெனி பஸ் ஏறி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஷிஃப்ட்டுக்குப் போகும் இளைஞர்களின் பொதுப் பெயர் அது.

ஒரு காலத்தில் ஆபரேட்டர் என்றால் இயந்திரத்தைத் தன் கையால் இயக்குபவர். லேத்தில் கைப்பிடியைச் சுற்றி, சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவார். இன்று சிஎன்சி இயந்திரத்தில் புரோகிராம் ஓடுகிறது. ஆபரேட்டர் ஜாப்பை மாட்டுகிறார், பட்டனை அழுத்துகிறார், அளவு பார்க்கிறார், அலாரம் அடித்தால் ஓடிப்போய்ப் பார்க்கிறார். பெயர் அதேதான், வேலை வேறு.

இதே மாற்றம் இப்போது நம் கண்முன்னே ரயிலுக்கும் வந்துவிட்டது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் ஓடப்போவது ஓட்டுநர் இல்லாத ரயில்கள். "அப்போ டிரைவர் வேலை போச்சா?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: எல்லாம் தானாக நடக்கும்போது, ஏதாவது தப்பாகப் போனால் அதைச் சரிசெய்ய வேண்டிய மனிதர் எந்த நிலையில் இருப்பார்?

மெட்ரோவில் என்ன மாறுகிறது?

ரயில் எந்த அளவுக்குத் தானாக ஓடுகிறது என்பதை உலகம் முழுக்க நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நிலை 1-ல் ஓட்டுவது மனிதர். வேகம் மீறினால், சிக்னலைத் தாண்டினால் இயந்திரம் தடுக்கும். நிலை 2-ல் வேகம் எடுப்பது, பிரேக் போடுவது, பிளாட்ஃபாரத்தில் சரியான இடத்தில் நிற்பது எல்லாம் கணினி செய்யும். ஓட்டுநர் கதவைக் கவனித்து, கிளம்பச் சொல்லி, அவசரம் என்றால் கையில் எடுப்பார். நிலை 3-ல் ஓட்டுநர் அறையில் யாரும் இல்லை, ஆனால் ரயிலுக்குள் ஒரு பணியாளர் இருப்பார். நிலை 4-ல் ரயிலில் பணியாளர் யாருமே தேவையில்லை.

சென்னையில் 2015 ஜூன் 29-ல் கோயம்பேடு - ஆலந்தூர் இடையே மெட்ரோ தொடங்கியபோது முதல் ரயிலை இயக்கியவர் ஒரு பெண். அந்த முதல் கட்டத்தில் ஓடுவது நிலை 2 வகை ரயில்கள். அதாவது, முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் பெரும்பாலான நேரம் ரயிலை ஓட்டுவது கணினிதான்.

மத்திய அமைச்சரவை 2024 அக்டோபர் 3-ல் ஒப்புதல் தந்த இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய் திட்டம். மூன்று பெட்டிகள் கொண்ட இதன் ரயில்கள் நிலை 4-க்காகவே வடிவமைக்கப்பட்டவை. 2025 மார்ச் 20-ல் பூந்தமல்லி பணிமனையிலிருந்து முல்லைத்தோட்டம் வரை முதல் சோதனை ஓட்டம் நடந்தது. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை நீட்டிக்கும் திட்டமும் இருப்பதால், காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை.

ஓட்டுநர் இல்லை என்றால் ஆளே இல்லையா?

நிலை 4 ரயிலின் ஒரு நாளைப் பாருங்கள். அதிகாலையில் பணிமனையில் ரயில் தானாக 'விழிக்கிறது'. பிரேக், கதவு, விளக்கு எல்லாவற்றையும் தானே சோதித்துக்கொள்கிறது. நேரம் வந்ததும் தடத்துக்குப் போகிறது. கூட்டம் அதிகமானால் கூடுதல் ரயிலை இறக்க, ஓட்டுநர் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரவில் திரும்பி வந்து 'தூங்கிவிடுகிறது'.

இத்தனைக்கும் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். கட்டுப்பாட்டு அறையில் பல ரயில்களை ஒரே நேரத்தில் கண்காணிக்கும் கன்ட்ரோலர், பயணி அவசர பட்டனை அழுத்தினால் பேசுபவர், நிலையத்திலிருந்து நின்றுபோன ரயிலுக்கு ஓடும் பணியாளர், சிக்னல் பராமரிப்பவர், மென்பொருளைப் புதுப்பிப்பவர். இந்த வகை ரயில்களில் முன்பக்கம் பூட்டிய மூடிக்குள் ஓட்டும் கருவிகள் இருக்கும். தேவைப்பட்டால் பயிற்சி பெற்ற பணியாளர் அதைத் திறந்து கையால் ஓட்டி, அடுத்த நிலையம் வரை கொண்டுபோக வேண்டும்.

டெல்லியில் 2020 டிசம்பர் 28-ல் மெஜந்தா தடத்தில் இந்தியாவின் முதல் ஓட்டுநர் இல்லாத மெட்ரோ சேவை தொடங்கியது. ஆனால் முதல் நாளிலேயே ரயிலிலிருந்து ஆட்களை முழுசாக இறக்கிவிடவில்லை. ஆரம்பத்தில் பணியாளர் ஒருவர் கூடவே பயணித்தார். மனிதரை அறையிலிருந்து வெளியே எடுப்பது ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை.

ஆக, மனிதரின் வேலை காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு ஒருவர் ஒரு ரயிலை ஓட்டினார். இனி ஒருவர் பல ரயில்களைப் பார்த்துக்கொள்வார், எல்லாம் நன்றாக இருக்கும்வரை எதையும் தொடாமல். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

40 வருடத்துக்கு முன்பே சொன்ன எச்சரிக்கை

1983-ல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 'ஆட்டோமேட்டிகா' என்ற ஆய்விதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். தானியங்கிமயத்தில் ஒளிந்திருக்கும் முரண்கள்தான் அதன் தலைப்பு. இன்றும் இந்தத் துறையில் யார் பேச ஆரம்பித்தாலும் அந்தக் கட்டுரையில்தான் தொடங்குகிறார்கள்.

அவர் சொன்னதை நம் பாஷையில் சொன்னால் இப்படி: 'மனிதன் தப்பு செய்வான், அதனால் அவனை விலக்கு' என்று வடிவமைப்பாளர் நினைக்கிறார். சுலபமான வேலைகளை எல்லாம் இயந்திரத்துக்குக் கொடுக்கிறார். எதை இயந்திரமாக்க அவருக்கே தெரியவில்லையோ, அந்தக் கஷ்டமான மிச்சத்தை மனிதன் தலையில் விடுகிறார். அதாவது, 'நீ நம்பத் தகுந்தவன் இல்லை' என்று ஒதுக்கப்பட்டவரைத்தான், இயந்திரமே கையை விரிக்கும் நேரத்தில் கூப்பிடுகிறார்கள்.

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தினமும் செய்தால்தான் கைக்கு வேலை மறக்காது. இயந்திரம் நன்றாக ஓட ஓட, மனிதருக்குப் பழக்கம் விட்டுப்போகிறது. எவ்வளவு நம்பகமான இயந்திரமோ, அவ்வளவு பழக்கமில்லாத மனிதர். ஆனால் அவரை அழைக்கும் நேரமோ, எல்லா நேரத்தையும்விட மோசமான நேரம்.

'சும்மாதானே உட்கார்ந்திருக்கார்!'

கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் வெளியாளுக்கு இப்படித்தான் தோன்றும். ஆனால் எதுவுமே நடக்காத ஒன்றைக் கவனமாகப் பார்த்துக்கொண்டே இருப்பது, மனித மூளைக்கு மிகக் கஷ்டமான வேலைகளில் ஒன்று.

இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்ப்பவர்கள் நேரம் ஆக ஆக எதிரி சிக்னல்களைத் தவறவிட்டார்கள். அது ஏன் என்று நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் சோதித்தார். கடிகார முள் போன்ற ஒன்று ஒரே சீராக நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரியத் தொடங்கியது என்று 1948-ல் எழுதினார். நல்ல பயிற்சி பெற்றவர்களுக்கும் இதுதான் நடந்தது. சோம்பேறித்தனம் என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. நம் உடம்பின் அமைப்பே அப்படி.

எட்டு மணி நேர ஷிஃப்ட்டில் ஒருவரை எட்டுத் திரைகள் முன் உட்கார வைத்து, 'கவனமா பாரு' என்று சொல்லிவிட்டால் பாதுகாப்பு வந்துவிடாது.

கை மறந்துபோனால்...

2009 ஜூன் 1. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரீஸுக்குப் போய்க்கொண்டிருந்தது ஏர் பிரான்ஸ் 447 விமானம். அட்லாண்டிக் கடலுக்கு மேலே, வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது. வேகம் எவ்வளவு என்று கணினிக்குத் தெரியவில்லை. ஆட்டோபைலட், 'இனி உங்க பாடு' என்று விலகிக்கொண்டது.

விமானத்தில் வேறு பெரிய கோளாறு எதுவும் இல்லை. அப்படியே நேராகப் பிடித்திருந்தால் போதும்; சிறிது நேரத்தில் அளவுகள் சரியாகியிருக்கும். ஆனால் இருட்டில், அலாரங்களுக்கு நடுவே, ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி மூக்கை மேலே தூக்கினார். விமானம் தூக்குவிசையை இழந்தது. ஆட்டோபைலட் விலகிய நேரத்திலிருந்து 4 நிமிடம் 23 விநாடியில் விமானம் கடலில் விழுந்தது. 228 பேரும் இறந்தார்கள்.

அவ்வளவு உயரத்தில் விமானத்தைக் கையால் ஓட்டும் பயிற்சி அந்தத் துணை விமானிகளுக்குக் கிடைத்திருக்கவில்லை என்று விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. இப்படிப்பட்ட பாடங்களால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013-ல், பாதுகாப்பான நேரங்களில் விமானிகள் கையால் ஓட்டிப் பழக வேண்டும் என்று விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. தானியங்கி சரியாக இருக்கும்போதே அதை அணைத்துவிட்டுப் பழகச் சொல்கிறார்கள்!

இயந்திரம் என்ன செய்கிறது என்றே தெரியாவிட்டால்?

பயிற்சி மட்டும் போதாது. என்ன நடக்கிறது என்பதை இயந்திரம் மனிதருக்குச் சொல்லவும் வேண்டும்.

2018 அக்டோபர் 29-ல் இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். 2019 மார்ச் 10-ல் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 157 பேர் இறந்தார்கள். இரண்டுமே போயிங் 737 மேக்ஸ். விமானத்தின் மூக்கு அதிகம் மேலே போனால் தானாகக் கீழே அழுத்தும் ஒரு மென்பொருள் அதில் இருந்தது. ஒரே ஒரு சென்சார் சொல்வதை நம்பி அது வேலை செய்தது. அந்த சென்சார் தப்பாகச் சொன்னதும், மென்பொருள் விமானத்தைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது; விமானிகள் மேலே இழுத்துப் போராடினார்கள். இந்த மென்பொருள் பற்றி விமானிகளுக்கான கையேட்டில் சொல்லப்படவே இல்லை. முதல் விபத்தில் இறந்த விமானிகள், எதோடு போராடுகிறோம் என்றே தெரியாமல் போராடினார்கள்.

1979 மார்ச் 28-ல் அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் நடந்ததும் இதற்குச் சொந்தக்காரச் சம்பவம்தான். திறந்தபடி மாட்டிக்கொண்ட ஒரு வால்வு, மூடிவிட்டதுபோல பலகையில் தெரிந்தது. காரணம், அந்த விளக்கு காட்டியது வால்வின் நிலையை இல்லை. 'மூடு' என்று கொடுத்த கட்டளையை! நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. ஆபரேட்டர்கள் திரையை நம்பினார்கள், முடிவு தப்பானது.

அதனால்தான் கல்பாக்கம் போன்ற அணுமின் நிலையங்களில் கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டராக, படிப்பு மட்டும் போதாது. அச்சு அசலான மாதிரி அறையில், வராத விபத்துகளை எல்லாம் வரவழைத்துப் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிமத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

தப்பு காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது

தமிழ்நாட்டுக்கு மிகவும் வலித்த உதாரணம் இது. 2023 ஜூன் 2. மேற்கு வங்கத்தின் ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பஹானகா பஜார் நிலையத்தில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஓட்டுநர் தப்பு செய்யவில்லை. மெயின் லைனுக்குப் பச்சை சிக்னல் இருந்தது, அவர் போனார். ஆனால் தண்டவாளத்தின் பாயின்ட், லூப் லைன் பக்கம் திரும்பியிருந்தது. சிக்னலும் பாயின்ட்டும் முரண்படவே முடியாதபடி தடுப்பதற்குத்தான் எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் என்ற தானியங்கி அமைப்பே இருக்கிறது. அதை ஏமாற்றியது எது? பராமரிப்பு வேலையின்போது நடந்த தப்பான வயரிங் என்றது ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை. பாயின்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணினிக்குப் பொய்யான தகவல் போனது. கணினி தனக்குக் கிடைத்த தகவலை வைத்துச் 'சரியாக' வேலை செய்தது.

அந்த அறிக்கையில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருந்தன. 2022 மே மாதம் வேறொரு நிலையத்தில் இதேபோன்ற வயரிங் தவறு வெளிப்பட்டிருந்தது. அப்போதே எல்லா இடத்திலும் சரிபார்த்திருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது. பாயின்ட்டுகள் திரும்பத் திரும்ப வினோதமாக நடந்துகொண்டதை நிலைய அதிகாரி சிக்னல் பிரிவுக்குச் சொல்லியிருந்தாலும் முன்கூட்டியே சரிசெய்திருக்கலாம்.

டெல்லி மெஜந்தா தடத்திலும் இதற்கு ஒரு சின்ன முன்னோட்டம் உண்டு. தடம் திறக்கப்படுவதற்கு முன், 2017 டிசம்பர் 19-ல் ஓட்டுநர் இல்லாத அதன் ரயில் ஒன்று காளிந்தி குஞ்ச் பணிமனையில் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. யாருக்கும் காயமில்லை. பழுது பார்த்த பிறகு பிரேக்கைச் சரிபார்க்காமல் ரயிலை விட்டதுதான் காரணம் என்றது டெல்லி மெட்ரோ.

இரண்டிலும் பாடம் ஒன்றே. முன்பு தப்பு நடந்தால் லிவரைப் பிடித்தவர் கையில் நடக்கும். இப்போது அது வயரிங் பெட்டியில், மென்பொருளில், பராமரிப்புப் பதிவேட்டில் போய் ஒளிந்துகொள்கிறது. பல நாள் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒருவரின் ஷிஃப்ட்டில் வெடிக்கிறது.

அப்போ தானியங்கியே வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்லவே முடியாது. 2025 ஜூலை 8-ல் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது பயணிகள் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்த கேட், சிக்னலுடன் இன்டர்லாக் செய்யப்படாதது. ஸ்டேஷன் மாஸ்டர் தொலைபேசியில் சொல்ல, கேட் கீப்பர் மூட வேண்டும். அதற்கு மேல் தடுப்பு எதுவும் இல்லை. இன்டர்லாக் இருந்திருந்தால், கேட் மூடாதவரை ரயிலுக்குப் பச்சை சிக்னலே விழுந்திருக்காது.

களைப்பு, தூக்கம், மறதி இயந்திரத்துக்குக் கிடையாது. இந்த இடத்தில் மனிதரை மட்டும் நம்பியதுதான் ஆபத்து. பஹானகாவில் இயந்திரத்தின் பதிலை மட்டும் நம்பியது ஆபத்தானது. ஒன்று தவறினால் மற்றது பிடிக்கும்படி இருவரையும் எப்படி அமைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பழி மட்டும் கடைசி ஆளுக்கா?

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனாவில் உபர் நிறுவனத்தின் சோதனைத் தானியங்கி கார், சாலையைக் கடந்த ஒரு பெண் மீது மோதியது. அவர் இறந்தார். ஓட்டுநர் சீட்டில் கண்காணிக்க ஒருவர் இருந்தார். அவர் கண் செல்போன் திரையில் இருந்தது.

தப்பு அவருடையது, சரி. ஆனால் விசாரணை சொன்ன மற்ற விஷயங்களையும் பாருங்கள். மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே கார் அந்தப் பெண்ணைக் கண்டுவிட்டது. வாகனமா, வேறு பொருளா, சைக்கிளா என்று முடிவெடுக்கத் தெரியாமல் மாறி மாறி அடையாளம் கண்டது. காரில் ஏற்கெனவே இருந்த அவசர பிரேக் வசதி, கணினி ஓட்டும்போது வேலை செய்யாதபடி அணைக்கப்பட்டிருந்தது. முன்பு காரில் இருவர் இருந்தார்கள். அதை ஒருவராகக் குறைத்திருந்தது நிறுவனம். நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு வரவில்லை. சீட்டில் இருந்தவர் 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்று வருடக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார்.

காரின் முன்பக்கம் மோதலில் நசுங்கி, உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும்படி அமைக்கப்பட்டிருக்கும். தானியங்கி அமைப்புகளில் மனிதரை இப்படி நசுங்கும் பாகமாக வைத்துவிடுகிறார்கள் என்கிறார் ஆய்வாளர் மேடலின் கிளேர் எலிஷ். அடி மனிதருக்கு, பாதுகாப்பு அமைப்புக்கு! கட்டுப்பாடு கையில் இல்லாதவரிடம் பொறுப்பை மட்டும் கொடுப்பது நியாயமா என்பதுதான் கேள்வி.

தெரிந்த ஆளும் தரவும் சேர்ந்தால்

மனிதரின் புதிய வேலை எப்படி இருக்கலாம் என்பதற்கு சிங்கப்பூர் ஒரு நல்ல உதாரணம். அங்கே சர்க்கிள் லைன் மெட்ரோவில் ஓட்டுநர் கிடையாது. 2016-ல் அந்தத் தடத்தில் ரயில்கள் திடீர் திடீரென்று சிக்னல் இழந்து அவசர பிரேக் போட்டு நின்றன. எந்த ரயில், எந்த இடம், எந்த நேரம் என்பதில் ஒழுங்கே தெரியவில்லை.

அரசின் தரவு ஆய்வாளர்கள் சம்பவங்களை நேரம், இடம், திசை என்று வரைபடமாகப் போட்டுப் பார்த்தார்கள். நின்றுபோன ரயில்களுக்கு எதிர்த்திசையில் ஏதோ ஒன்று கடந்துபோவது போலக் கோடுகள் சாய்ந்து தெரிந்தன. பதிவுகளோடு ஒப்பிட்டபோது, பிவி46 என்ற எண் கொண்ட ஒரே ரயில்தான் போகிற வழியெல்லாம் பக்கத்து ரயில்களின் சிக்னலைக் கெடுத்தது என்று தெரிந்தது. அந்த ரயில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. ரயிலை ஓட்டாத மனிதர்கள், ரயிலைப் புரிந்துகொண்டு காப்பாற்றிய கதை இது.

ஒரகடத்தில் வேலை செய்பவருக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கார் ஆலையின் பாடி ஷாப்பில் வெல்டிங் செய்வது பெரும்பாலும் ரோபோ. லைன் ஓடும்வரை ஆபரேட்டர் பார்வையாளர். நின்றால் எல்லார் கண்ணும் அவர் மேல். ஒரு சென்சார் அடிக்கடி மக்கர் பண்ணினால், "டார்கெட் போகுதுப்பா, பைபாஸ் பண்ணிட்டு ஓட்டு" என்ற குரல் எங்கிருந்தாவது வரும். அப்படி ஓட்டி விரல் போனால், "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று பதிவாகும்.

தானியங்கிமயத்தில் உலகத்துக்கே வழிகாட்டியான டொயோட்டாவில் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தச் சொல்லிக் கூப்பிடலாம் என்பது பழைய வழக்கம். அதே நிறுவனம் தன் ஹோன்ஷா ஆலையில், ரோபோ செய்துகொண்டிருந்த வேலைகளை மனிதர்கள் கையால் செய்து பழகும் இடங்களையும் திரும்பக் கொண்டுவந்தது. கையால் செய்யத் தெரிந்தவருக்குத்தான் ரோபோவுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது, எங்கே மேம்படுத்துவது என்று தெரியும் என்பது அவர்கள் கணக்கு.

நீங்கள் ஆபரேட்டராக இருந்தாலும், கட்டுப்பாட்டு அறையில் இருந்தாலும், ஐடி கம்பெனியில் இரவு ஷிஃப்ட்டில் சர்வர் அலர்ட் பார்ப்பவராக இருந்தாலும், உங்கள் இடத்தில் கேட்டுப் பார்க்க ஐந்து கேள்விகள்:

1. இந்த அமைப்பு கைவிட்டால் கையால் நடத்த எனக்குத் தெரியுமா? கடைசியாக எப்போது பழகினேன்?

2. திரை காட்டுவது உண்மையான நிலையா, கொடுத்த கட்டளையா? அது பொய் சொன்னால் எனக்கு எப்படித் தெரியும்?

3. சந்தேகம் வந்தால் நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டா? நிறுத்தியதற்காகத் திட்டு விழுமா?

4. சின்னச் சின்ன வினோதங்களை எங்கே பதிவு செய்வது? அதை யாராவது படிக்கிறார்களா?

5. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எனக்கு மாற்று ஆள் வருகிறார்?

இவற்றுக்குப் பதில் இல்லாத இடத்தில், எவ்வளவு நவீன இயந்திரம் இருந்தாலும் ஒரு பலவீனம் இருக்கிறது. நான்காவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பஹானகா பஜாரில் கேட்கப்படாமல் போனது அதுதான்.

மெட்ரோவிடமும் இவற்றையே கேட்கலாம். ஓட்டுநர் இல்லாத ரயில் ஆபத்தானது என்று பயப்படக் காரணம் இல்லை. உலகின் பல நகரங்களில் பல வருடங்களாக அது ஓடுகிறது. ஜப்பானின் கோபே நகரில் 1981-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் ஓட்டுநர் சம்பளத்தில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுவதோடு நின்றுவிடக் கூடாது. கட்டுப்பாட்டு அறையில் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை மணி நேர சிமுலேட்டர் பயிற்சி, சுரங்கத்தில் ரயில் நின்றால் எத்தனை நிமிடத்தில் ஒரு பணியாளர் வந்து சேருவார் என்பவையும் டிக்கெட் விலை போலவே பயணிக்குத் தெரிய வேண்டிய விஷயங்கள்.

'ஆபரேட்டர்' வேலை வருடத்தில் 364 நாள் சும்மா இருப்பது போலத் தெரியலாம். அவருக்குச் சம்பளம், பயிற்சி, ஓய்வு, மரியாதை எல்லாம் மிச்சமுள்ள அந்த ஒரு நாளுக்காகத்தான். அன்றைக்கு அவருக்குக் கை பழகியிருக்க வேண்டும், கண் தெளிவாக இருக்க வேண்டும், "நிறுத்து" என்று சொல்லும் உரிமையும் இருக்க வேண்டும்.